ஊர் நெரிசலில் நிற்கப் பழகுதல்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை போகும் 750ஆம் இலக்க பஸ்ஸில் நான் ஏறியபோது, உள்ளே இனி ஒரு குடையைக்கூடச் செருக முடியாது என்றுதான் தோன்றியது. அதன் பிறகு பத்துப் பதினைந்து பேர் ஏறினார்கள். "உள்ளுக்குப் போங்கள், நடுவில் இடம் கிடக்கிறது" என்று நடத்துநர் சொன்ன அந்த நடு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கையில், இருக்கையில் இருந்த ஓர் அம்மா என் தோளில் கிடந்த பையைப் பிடித்து இழுத்தார். உள்ளே கடவுச்சீட்டு. ரொறன்ரோ சுரங்க ரயிலில் இருபது வருடம் போய்வந்த கை, என்னைக் கேட்காமலே பையை இறுக்கிக்கொண்டது. "தாரும் தம்பி, மடியில் வைத்திருக்கிறேன். நீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லும்" என்றார். நெல்லியடி வரும்வரை என் பையும் இரண்டு பள்ளிக்கூடப் பைகளும் அவர் மடியில்தான் இருந்தன. வழியில் வல்லை என்ற திறந்த வெளியில் காற்று அடித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது, வெட்கமும் வந்தது.

நிற்பவரின் பையை இருப்பவர் வாங்கி வைத்திருப்பது அங்கே பேசாமல் நடக்கும் காரியம். கடவுச்சீட்டும் பணமும் இடுப்பிலோ உட்பையிலோ இருக்கட்டும், பையைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு இருக்கை கிடைத்தால் நீங்களும் கை நீட்டுங்கள். முதுகில் மாட்டும் பெரிய பையோடு நடுவழியில் நின்று, திரும்பும்போதெல்லாம் பின்னால் நிற்பவரின் முகத்தில் இடிப்பது வெளிநாட்டிலிருந்து போகிறவர்களின் தனி அடையாளம். அதைக் கழற்றி முன்பக்கம் மாட்டினாலே பாதிப் பேரின் முணுமுணுப்புக் குறையும்.

உடம்போடு உடம்பு முட்டுவதை அங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முழங்கை விலாவில் பட்டதற்கு மன்னிப்புக் கேட்பாரும் இல்லை, எதிர்பார்ப்பாரும் இல்லை. ஆனால் கால் பட்டால் கதை வேறு. தெரியாமல் ஒருவரின் காலை மிதித்துவிட்டால், அவரைத் தொட்டு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆணும் பெண்ணும் என்றால் தொடுவது கிடையாது. தலையைச் சற்றுக் குனிந்தாலே போதும். கீழே வைத்திருக்கும் புத்தகப் பையில் கால் பட்டாலும் இதே மரியாதைதான். கோயில் மண்டபத்தில் நிலத்தில் இருப்பவரின் நீட்டிய காலைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு சொல் சொன்னால் அவரே மடக்கிக்கொள்வார்.

அங்கேயும் இடைவெளி இருக்கிறது என்பதை நான் விளங்கிக்கொள்ள இரண்டு பயணம் பிடித்தது. அளக்கும் கோல்தான் வேறு. கொழும்பில் யாரும் யாருக்குப் பக்கத்திலும் இருந்துவிடுவார்கள். வடக்கில் உள்ளூர் பஸ்களில் அறிமுகமில்லாத பெண்ணுக்குப் பக்கத்தில் ஆண் சட்டென்று போய் இருப்பதைப் பலர் இன்றும் விரும்புவதில்லை. இடம் வெறுமையாகக் கிடந்தும் ஓர் இளைஞன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். இருக்கத்தான் வேண்டும் என்றால் "இருக்கலாமா அக்கா?" என்று கேளுங்கள். முன் இருக்கையில் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதியிருந்தால் அதைவிட்டு அடுத்ததைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ள இடத்தில், அவர்கள் ஏறியதும் யாரும் சொல்லாமலே எழும்பிவிடுவது நல்லது.

இதற்காக, நெரிசல்தானே என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்லமாட்டேன். எதேச்சையாக முட்டுவதும் வேண்டுமென்று உரசுவதும் ஒன்றல்ல. உடம்புக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். எங்கள் அக்காமார் காலத்தில் சட்டை ஊசிதான் ஆயுதம். இன்று அதைவிடப் பலமானது குரல். "தள்ளி நில்லும்" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னால், பக்கத்தில் இருக்கும் ஓர் அம்மாவாவது உங்கள் பக்கம் திரும்புவார். நடத்துநரைக் கூப்பிடுங்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவுக்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பொலிஸுக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் போனில் பதிந்துகொண்டு போங்கள். பிரச்சினை வேண்டாம், பேசாமல் வா என்று மகளை அடக்கும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். ஊர்ப் பண்பாடு என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

காசு விஷயம் சின்னது, ஆனால் எரிச்சல் பெரிது. விரல்களுக்கிடையே தாள்களை நீளமாக மடித்துச் செருகிக்கொண்டு நெரிசலைக் கிழித்து வரும் நடத்துநரிடம் 5000 ரூபாய்த் தாளை நீட்டினால், முழு பஸ்ஸும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். 20, 50, 100 ரூபாய்த் தாள்களை முதல்நாளே ஏதாவது கடையில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் காசு உடனே வராது. அவர் மறப்பது குறைவு, இறங்கும் முன் நினைவூட்டினால் சரி. உங்கள் இடம் வருவதற்கு ஒரு தரிப்பு முன்பே எழும்பிக் கதவுப் பக்கம் நகர்ந்து, "சந்தியில் இறக்கம்" என்று குரல் கொடுங்கள். மெல்லிய குரலில் பண்பாகச் சொன்னவர்கள் அடுத்த ஊரில் இறங்குவார்கள். நான் இறங்கியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் வேறொரு நெரிசலுக்குத் தயாராக வேண்டும். 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். கணிசமான தூரம் நடை, அதிலும் கடைசிப் பகுதி வெறுங்காலோடு மணலில். உள்ளே போகும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். அர்ச்சனைச் சீட்டு 1 ரூபாய்தான்; சில்லறையோடு போங்கள். பூசை குறித்த நேரத்தில் தொடங்கும். நாங்கள் வர முதல் நடக்காது என்ற வெளிநாட்டு நினைப்பு அங்கே பலிக்காது. கோயிலுக்குள் படம் எடுக்கவும் கூடாது. வெளிவீதியில் எடுக்கலாம்தான், என்றாலும் நிலத்தில் உருண்டு பிரதட்டை செய்பவரின் ஈர உடம்புக்கும், அடிக்கடி விழுந்து கும்பிட்டு அடியழித்து வரும் பெண்ணின் முகத்துக்கும் மேலே கமெராவைப் பிடித்து நிற்காதீர்கள். அவர்கள் நேர்த்திக்கடன் தீர்க்கிறார்கள். நெரிசலில் அவர்களுக்கு மட்டும் எப்படியோ வழி பிறந்துவிடும். நீங்களும் இரண்டடி பின்வாங்கிக்கொள்ளுங்கள். தேரன்று தாலிக்கொடியும் சங்கிலியும் அறுந்து போவது ஆண்டுதோறும் கேட்கும் கதை. நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் யாரும் உங்களை ஏழை என்று நினைக்கப்போவதில்லை. நினைத்தால்தான் என்ன?

பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்நியர் தொட்டால் வேண்டாம் என்று சொல், தள்ளி நில் என்று ஏழு வருடம் சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளையை, பஸ்ஸில் முன்பின் தெரியாத ஓர் ஆச்சி "வாடா ராசா" என்று இழுத்து மடியில் இருத்துவார். கன்னத்தைக் கிள்ளி விரலை முத்தமிடுவார்கள். பிள்ளை விறைத்துப்போய் உங்களைப் பார்க்கும். அந்த இடத்தில் "ஆச்சியிடம் இரு, ஒன்றும் செய்யமாட்டா" என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்துவிட்டு இரவு முழுக்க மகனின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் கிடந்தேன். இப்போது செய்வது இது: புறப்படும் முன்பே, அங்கே பெரியவர்கள் இப்படி அன்பு காட்டுவார்கள், பிடிக்காவிட்டால் கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டு அப்பாவிடம் வந்துவிடு என்று சொல்லிவைக்கிறேன். ஆச்சியிடம் "பிள்ளைக்குக் கொஞ்சம் கூச்சம், பழகினால் வருவான்" என்கிறேன். கூச்சம் என்ற சொல்லுக்கு அங்கே யாரும் கோபிப்பதில்லை.

கடைகளில் வரிசை உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. யார் முதலில் வந்தார் என்பது கடைக்காரருக்குத் தெரியும் என்று நம்பி ஒரு முழம் தள்ளி நின்றால், அந்த ஒரு முழத்துக்குள் மூன்று பேர் வந்துவிடுவார்கள். மேசையோடு ஒட்டி நில்லுங்கள். சாப்பாட்டுக்கடையில் உங்கள் மேசையில் வேறொருவர் வந்து இருந்தால் திடுக்கிடாதீர்கள்; தண்ணீர்ச் சாடியை அவர் பக்கம் நகர்த்துங்கள்.

கடைசியாகக் கேள்விகள். எப்போது வந்தீர், எப்போது போகிறீர், எத்தனை பிள்ளைகள், வீடு சொந்தமா என்று பஸ்ஸிலேயே விசாரணை முடிந்துவிடும். பெரும்பாலும் அது வெறும் அன்பு. நீங்களும் திருப்பிக் கேளுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும். எந்த ஊர் என்பதோடு நில்லாமல், ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று இறங்கினால், அது பலவேளை சாதி தேடும் கேள்வி. நான் ஊர்ப் பெயரைத் தாண்டிச் சொல்வதில்லை. சிரித்துவிட்டு வெயிலைப் பற்றிப் பேசுகிறேன்.

போன முறை ஒரு மருந்துக்கடையில் டாக்டர் எழுதித்தந்த மருந்துத் துண்டை நீட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற பெரியவர் தோளுக்கு மேலால் எட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, முழுவதையும் நிதானமாக வாசித்தார். கனடாவில் என்றால் பெரிய விவகாரமாகியிருக்கும். நான் முறைத்தேன். அவர் கவலைப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் துண்டை எடுத்து என் துண்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, "எனக்கு உம்மைவிட இரண்டு குளிசை கூட, தம்பி" என்றார்.