முப்பரிமாணத் திரைக்காகக் காசு கொடுக்கலாமா?

பழைய நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவியை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. கையில் வாங்கியதும் திரையின் ஓரத்தில் இருக்கும் 3டி ஸ்லைடரை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். கண்ணாடி போடாமலே காட்சி உள்வாங்கி ஆழம் காட்டும். முதல் முறை பார்க்கும்போது உண்மையிலேயே அசந்துபோவோம்.

சரி, அடுத்ததாக ஸ்லைடரை முழுவதும் கீழே இறக்கி 3டியை அணைத்துவிட்டு அரைமணி நேரம் விளையாடுங்கள். அப்போதும் பிடித்தால் மட்டும் வாங்குங்கள்.

காரணம் இதுதான். திரைக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பு, இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம் என்று பிரித்து அனுப்புகிறது. 2011-இல் வந்த முதல் மாடலில் தலை கொஞ்சம் நகர்ந்தாலே படம் இரண்டாகத் தெரியும். பேருந்தில் போகும்போது சுத்தமாகச் சரிவராது. பேட்டரியும் சீக்கிரம் தீரும். 2014-இல் ஜப்பானில் வந்த 'நியூ 3டிஎஸ்' மாடல் கண் இருக்கும் இடத்தைக் கவனித்துப் படத்தைச் சரிசெய்துகொள்ளும். 3டி கட்டாயம் வேண்டும் என்றால் அதையே தேடுங்கள்.

சூப்பர் மாரியோ 3டி லேண்ட் மாதிரி சில கேம்களில் தாவும் தூரத்தைக் கணிக்க இந்த ஆழம் நிஜமாகவே உதவும், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அப்படிப்பட்டவை குறைவு. 2013-இல் நின்டெண்டோவே 3டி இல்லாத 2டிஎஸ்ஸை மலிவாக விற்றது, அதே கேம்கள் அதிலும் ஓடும். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு 3டி வேண்டாம் என்று நிறுவனமே எச்சரித்திருப்பதால், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் 2டிஎஸ்தான் என் தேர்வு.