கையில் இருக்கும் குழுவுக்கேற்ற இசைத்தாள்: பெங்களூரில் ஒரு பேண்டுக்கு நோட்டு திரட்டும் முறை

பெங்களூரில் தமிழர்கள் கூடி ஒரு பேண்ட் தொடங்குவதற்கு வாத்தியக்காரர்கள் கிடைப்பது அரிதன்று. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும், 1780-இல் தோன்றிய பொறியாளர் படைப்பிரிவின் மையம் அல்சூர் ஏரியை ஒட்டியே இருப்பதால், சீருடையைக் கழற்றிய பின்னரும் கிளாரினெட்டைக் கீழே வைக்காத சிலரை அந்தப் பக்கத்தில் காணலாம். சிவாஜி நகர், ஃப்ரேசர் டவுன் பகுதிகளின் தேவாலயங்களில் திருவிழா ஊர்வலத்துக்கு ட்ரம்பெட் ஊதிப் பழகிய இளைஞர்களும் உண்டு. ஆள் சேர்ந்துவிடும், நோட்டு, அதாவது வாசிக்க வேண்டிய இசைத்தாள், சேர்வதுதான் கடினம். எங்கள் பகுதியின் ஒரு சிறு பேண்டுக்குச் சில ஆண்டுகள் இசைத்தாள்களைப் பொறுப்பேற்று வைத்திருந்தவன் என்ற முறையில், அதற்குரிய வழியை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பாட்டு வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து, யார் எந்த வாத்தியம் வாசிக்கிறார், எவ்வளவு உயரம் வரை தடுமாறாமல் ஊதுவார், ஐந்து கோட்டு நோட்டேஷனைப் பார்த்து வாசிப்பாரா அல்லது ஸரிகமவாக எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கெடுப்பைச் செய்யாமல் நான் முதன்முதலில் வாங்கிய தொகுப்பில் ஓபோ, பஸ்ஸூன், நான்கு ஹார்ன் என்று எங்களிடம் இல்லாத வாத்தியங்களுக்கெல்லாம் அழகாக அச்சிட்ட தாள்கள் இருந்தன. எங்களிடம் இருந்ததோ ஐந்து கிளாரினெட், மூன்று ஆல்டோ சாக்ஸ், நான்கு ட்ரம்பெட், இரண்டு ட்ரோம்போன், ஒரு யூஃபோனியம், தாளக் கருவிகள் ஆகியவை மட்டுமே. ஒத்திகையில் இரண்டாம் பகுதி தொடங்கியதும் எட்டு பாருக்கு, அதாவது எட்டு தாளக் கட்டங்களுக்கு, டிரம் மட்டும் தனியே ஒலித்தது. அந்த இடத்தின் மெட்டு முழுவதும் ஹார்னுக்கு எழுதப்பட்டிருந்தது.

விற்பனைக்கு வரும் தொகுப்புகள் எல்லாம் ஒரே வகை அல்ல. பிரிட்டிஷ் முறையிலான பிராஸ் பேண்டுக்குரியவற்றில் கிளாரினெட்டும் சாக்ஸஃபோனும் இராது. கார்னெட்டிலிருந்து டியூபா வரை பித்தளை வாத்தியங்களும் தாளக் கருவிகளும் மட்டுமே இருக்கும். இராணுவ பேண்ட், கான்செர்ட் பேண்ட் என்ற பெயரில் வருபவற்றில் இரண்டு குடும்பங்களும் சேர்ந்திருக்கும். சிறு குழுக்களுக்கென்றே ஃப்ளெக்ஸ் என்ற வகை ஒன்று உண்டு. அதில் இசை நான்கு அல்லது ஐந்து குரல்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குரலும் பல வாத்தியங்களுக்குப் பொருந்துமாறு தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். இருபது பேருக்குக் குறைவான குழுவுக்கு இதைவிடப் பாதுகாப்பான தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. அட்டையில் கிரேடு என்று போட்டிருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். பொதுவாக 1 மிக எளியது, 6 தொழில்முறைக் குழுக்களுக்குரியது. உங்கள் குழுவின் திறமையான வாசிப்பாளரை மனத்தில் வைத்து கிரேடைத் தேர்ந்தெடுப்பது எல்லோரும் செய்யும் பிழை. மூன்றாம் கிளாரினெட்டில் உட்காருபவரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்ததாக, பலரையும் மிரள வைக்கும் ட்ரான்ஸ்போஸிங், அதாவது தாளில் ஒரு ஸ்வரமும் ஒலிப்பில் வேறு ஸ்வரமுமாக வரும் விஷயத்துக்கு வருவோம். நம்மவர்களுக்கு இதை, பாடகர்கள் ஸ்ருதியைக் குறிக்கும் கட்டைக் கணக்கில் சொன்னால் ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும். பியானோவில் சி என்பது 1 கட்டை. பி-ஃப்ளாட் கிளாரினெட், ட்ரம்பெட், டெனர் சாக்ஸ் ஆகியவற்றை வாசிப்பவர் தம் தாளில் சி என்று பார்த்து ஊதினால் வெளியே கேட்பது 6½ கட்டை. ஆல்டோ சாக்ஸ்காரர் தம் சி-யை ஊதினால் கேட்பது 2½ கட்டை. எஃப் ஹார்னில் அதே சி 4 கட்டையாக ஒலிக்கும். ஆகவே எல்லோரும் ஒரே ஸ்ருதியில் சேர வேண்டுமானால் ஒவ்வொருவர் தாளிலும் வெவ்வேறு ஸ்வரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். 6½ கட்டையில் எல்லோரும் சேர்ந்து ஒலிக்க, கிளாரினெட்டின் தாளில் சி, ஆல்டோ சாக்ஸின் தாளில் ஜி, ஹார்னின் தாளில் எஃப் என்று இருக்கும். பியானோப் புத்தகத்தை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஏன் இப்படி அபஸ்வரமாகக் கேட்கிறது என்று வியப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால், இல்லாத வாத்தியத்தின் தாளை இருக்கும் வாத்தியத்துக்குக் கொடுக்கும் வழிகளும் தாமே திறக்கும். பழைய பிரிட்டிஷ் பதிப்புகளில் ஹார்ன் தாள் பெரும்பாலும் ஈ-ஃப்ளாட்டில் இருக்கும். அதை ஒரு ஸ்வரமும் மாற்றாமல் ஆல்டோ சாக்ஸிடம் கொடுத்துவிடலாம். அதையே எஃப் ஹார்ன் வாசிக்க வேண்டுமானால் முழுவதையும் ஒரு முழு ஸ்வர இடைவெளி கீழே இறக்கி எழுத வேண்டும். ட்ரெபிள் க்ளெஃப்பில் (உயர்ந்த ஸ்வரங்களுக்கென வரியின் தொடக்கத்தில் இடும் குறி) எழுதிய யூஃபோனியம் தாளை டெனர் சாக்ஸ் அப்படியே வாசிக்கும். ஒலிக்கும் உயரமும் அதுவே. டியூபா இல்லாத குழுவில் பாரிடோன் சாக்ஸ் இருந்தால், டியூபாவின் பேஸ் க்ளெஃப் (தாழ்ந்த ஸ்வரங்களுக்குரிய குறி) தாளை ட்ரெபிள் க்ளெஃப் என்று பாவித்து, அரை ஸ்வரம் ஏற்றும் ஷார்ப் குறி மூன்றைக் கூட்டி வாசிக்கச் சொல்லலாம். அரை ஸ்வரம் இறக்கும் ஃப்ளாட் குறி மூன்று உள்ள தாளாக இருந்தால் அவை ஒன்றுக்கொன்று ஈடாகி, எந்தக் குறியும் இல்லாத எளிய தாளாக மாறிவிடும். வழியில் வரும் தனி ஷார்ப், ஃப்ளாட் குறிகளை மட்டும் பென்சிலால் திருத்த வேண்டும்.

பழைய பதிப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா வாத்தியங்களின் வரிகளையும் ஒன்றாகக் காட்டும் முழு ஸ்கோர் இராது. சுருக்கிய இரண்டு மூன்று வரிகளோ, நடத்துநருக்கென்று குறித்த சோலோ கார்னெட் தாளோ மட்டுமே இருக்கும். அதை நம்பி ஒத்திகை நடத்தினால் இரண்டாம் ட்ரோம்போன் எங்கே தவறினார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நேரம் இருப்பவர்கள் எல்லாத் தாள்களையும் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் ஏற்றி ஒரு முழு ஸ்கோரை உருவாக்கிக்கொள்வது நல்லது. சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு மார்ச்சை இப்படி ஏற்றி முடிப்பவருக்கு அதன் எலும்புக்கூடு முழுவதும் மனப்பாடமாகிவிடும்.

இலவசமாகக் கிடைப்பவற்றுக்கு ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகம் போதுமானது. ஆனால் இந்தியாவில் எது பதிப்புரிமை முடிந்து பொதுவுடைமை ஆனது என்பதை நம் சட்டத்தின்படிதான் பார்க்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, இசையமைத்தவர் வாழ்நாளில் வெளியிட்ட படைப்புக்கு, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். மார்ச் இசையின் அரசர் என்று போற்றப்படும் ஜான் ஃபிலிப் சூசா 1932-இலும், பேண்டுக்கென்று தம் முதல் ஸ்வீட்டை (பல பகுதிகள் கொண்ட இசைத்தொடர்) 1909-இல் எழுதிய ஹோல்ஸ்ட் 1934-இலும், கர்னல் போகி மார்ச்சை எழுதிய கென்னத் ஆல்ஃபர்ட் 1945-இலும் மறைந்தவர்கள். அவர்களின் படைப்புகளை இங்கே தயக்கமின்றி எடுக்கலாம். வான் வில்லியம்ஸ் 1958-இல் இறந்ததால் 2019 முதல் அவருடையவையும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. மூலப் படைப்பு பொதுவுடைமையானாலும், அதை அண்மையில் வேறொருவர் எளிமைப்படுத்தி எழுதியிருந்தால் அந்த வடிவத்துக்குத் தனி உரிமை உண்டு என்பதை மறக்கக் கூடாது. தொழில்முறை சாராத சங்கம் ஒன்று கட்டணம் வாங்காத அவையோர் முன் வாசிப்பதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கு வாசிப்பதற்குத்தான். ஒரு தொகுப்பை வாங்கி மூன்று குழுக்களுக்கு நகலெடுத்துக் கொடுப்பதற்கு அன்று.

இதையெல்லாம் திரட்டிய பிறகும் சபையில் இருப்பவர்கள் கேட்பது தமிழ்ப் பாட்டாகத்தான் இருக்கும். அதற்கு ஆயத்தத் தாள்கள் அச்சில் கிடைப்பது மிக அரிது. நாமே எழுத வேண்டும். தொடங்குவதற்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்களைவிடப் பொருத்தமானவை எவை? ஐரோப்பிய பேண்டுகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தின் ஸ்வரங்களுக்குள் அவர் வடமொழியில் சாகித்யம் செய்தார். ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்பது பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டேதான். பேண்டிலிருந்து நம்மிடம் வந்த மெட்டை இரு நூறு ஆண்டுகளுக்குப் பின் பேண்டுக்கே திருப்பிக் கொடுப்பதில் ஒரு குறும்பு இருக்கிறது, அதை நான் ஒவ்வொரு முறையும் ரசிக்கிறேன். கமகம் இல்லாமல் நேராக ஒலிப்பதால் பித்தளை வாத்தியங்களுக்கு இவை இயல்பாகப் பொருந்தும். மோகனம், ஹம்ஸத்வனி போன்றவற்றையும் எழுதலாம். தோடியை எழுத முயல வேண்டாம். வால்வு வாத்தியக் கூட்டத்தில் அதன் அசைவுகளை இருபது பேர் ஒரே மாதிரி ஊத மாட்டார்கள்.

எழுதும்போது பாடகரின் கட்டையை அப்படியே எடுக்காதீர்கள். ஆண் குரலில் 2 கட்டையில் கேட்ட பாட்டை அதே ஸ்ருதியில் எழுதினால், கிளாரினெட்டுக்கு நான்கு ஷார்ப்பும் ஆல்டோ சாக்ஸுக்கு ஐந்து ஷார்ப்பும் வந்து விழும். அதை அரைக் கட்டை ஏற்றி 2½-இல் எழுதினால் கிளாரினெட்டுக்கு ஒரே ஒரு ஃப்ளாட், ஆல்டோ சாக்ஸுக்கு ஒன்றுமே இராது. அதேபோல் பெண் குரலின் 5 கட்டையை 4-க்கு இறக்கிக்கொள்ளலாம். மொத்தத்தில் 6½, 2½, 4 ஆகிய மூன்று ஸ்ருதிகளைத் தாண்டாமல் இருந்தால் புதியவர்களின் விரல்கள் உங்களை வாழ்த்தும். அச்சிடுவதற்கு முன் மென்பொருளில் கான்செர்ட் பிட்ச் என்ற பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது எரிந்த நிலையில் எல்லாத் தாள்களும் பியானோ ஸ்ருதியிலேயே அச்சாகும்.

அச்சு விஷயம் சிறியதாகத் தோன்றினாலும் மேடையில் மானத்தைக் காப்பது அதுதான். ஜெராக்ஸ் கடையின் வழக்கமான மெல்லிய தாள் கப்பன் பூங்கா பேண்ட் ஸ்டாண்ட் போன்ற திறந்த இடத்தில் முதல் காற்றுக்கே பறந்துவிடும். 100 ஜிஎஸ்எம் தாள் கேட்டு வாங்குங்கள், ஸ்டாண்டுக்கு இரண்டு துணி கிளிப் வீதம் கையில் வைத்திருங்கள். அமெரிக்கப் பதிப்புகள் ஏ4 அளவில் வருவதில்லை. ஓரம் வெட்டுப்படாமல் தாளுக்குப் பொருத்தி அச்சிடச் சொல்ல வேண்டும், இல்லையேல் கடைசி வரியின் கீழ் ஸ்வரங்கள் காணாமல் போகும். பக்கம் திருப்பும் இடத்தில் வாசிப்பவருக்கு ஓய்வு பார் வருமாறு அமையுங்கள். பார் எண்களும், ஒத்திகைக்கு நிறுத்தித் தொடங்க உதவும் ஏ, பி, சி குறிகளும் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நடந்துகொண்டே வாசிக்கும் மார்ச்சுகளை ஏ4-இலிருந்து 71 விழுக்காடாகச் சுருக்கினால் சரியாக ஏ5 அளவுக்கு வரும். வாத்தியத்தில் மாட்டும் லயர் கிளிப்பில் அது நிற்கும். பெங்களூரின் மாலை மழைக்கு லாமினேஷன் நல்லது, ஆனால் பளபளப்பு இல்லாத மேட் வகையாக இருக்கட்டும். மற்றது வெயிலில் கண்ணாடியாக மின்னி ஒரு ஸ்வரமும் தெரியாது.

சூசா வகை மார்ச்சுகளில் ட்ரியோ எனப்படும் பின்பகுதி தொடங்கும்போது வழக்கமாக ஒரு ஃப்ளாட் கூடும். ஸ்ருதிக்குறி வரியின் நடுவில் சிறியதாக ஒளிந்திருப்பதால் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். தாளைக் கொடுப்பதற்கு முன் அந்த இடத்தை நீங்களே சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டால் ஒத்திகையில் அரை மணி நேரம் மிஞ்சும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு உறை, அதன் மேல் பாட்டின் பெயர், உள்ளே இருக்கும் தாள்களின் எண்ணிக்கை, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு ஆகியவை வேண்டும். மூலத் தாளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எழுதிய நகல் போகட்டும். வாசிப்பவர்கள் பேனாவைத் தொடக் கூடாது என்ற விதியை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இவை தவிர, எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் கூடவே வர வேண்டிய தனி உறை ஒன்று உண்டு. அதில் 52 நொடியில் முடியும் தேசிய கீதமும், 55 நொடி என்று வரையறுக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்தும், 2 நிமிடம் 30 நொடி நீளும் கர்நாடக நாட கீதமும் எல்லா வாத்தியங்களுக்கும் தாளாக இருக்கட்டும். அழைத்தவர்கள் மேடை ஏறும் நேரத்தில்தான் இவற்றில் எது வேண்டும் என்று சொல்வார்கள். சில வேளைகளில் மூன்றையும் கேட்பார்கள்.