கசிகிற வேப்: முறுக்குவதை முதலில் நிறுத்துங்கள்

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், திரவம் தீர்ந்ததும் தூக்கி எறியும் வேப்களை, அதாவது மின்சிகரெட்டுகளை, விற்கத் தடை வந்தது. அன்றிலிருந்து கிழக்கு லண்டனில் நான் வேலை பார்க்கும் கடைக்கு ஒரே மாதிரியான ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். சிகரெட்டை விட்டு வேப்புக்கு வந்தவர்கள், இப்போது வேப்பின் திரவத் தொட்டியான டேங்கில் தாங்களே திரவம் ஊற்றப் பழகுகிறவர்கள். கையில் டிஷ்யூவில் சுற்றிய கருவி, சட்டைப்பையில் மாம்பழ வாசனையோடு ஒரு கறை. “அண்ணா, இது ஒழுகுகிறது.” எட்டு வருடங்களுக்கு முன்பு மேசையின் அந்தப் பக்கத்தில் நானும் இப்படித்தான் நின்றேன்.

மூடியைச் சரியாக மூடுங்கள், கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள் என்பதையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் தாளே சொல்லிவிடும். அதில் இல்லாதவற்றுக்கு வருகிறேன்.

முறுக்குவது

குழாய் சொட்டினால் இன்னொரு முறுக்கு முறுக்குவது நம் கையில் ஊறிய பழக்கம். வேப் டேங்க் குழாய் அல்ல. பழைய எண்ணெய் டின்னை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திக்கித்தான் வரும். எதிர் மூலையில் இன்னொன்று போட்டால் தாராளமாக ஓடும்.

டேங்க் என்பது வேண்டுமென்றே ஒரு பக்கம் மட்டும் ஓட்டை விட்ட டின். அடியில், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் காயிலின் சிறு துளைகளைப் பஞ்சு அடைத்திருக்கிறது. அதற்கும் கீழே காற்றுத் துளைகள் திறந்தே கிடக்கின்றன. அப்படியிருந்தும் திரவம் கொட்டாமல் நிற்கிறது. பஞ்சு பிடித்துக்கொள்வது ஒரு காரணம். மேலிருந்து காற்று நுழைய வழியில்லாதது அதைவிடப் பெரிய காரணம். இழுக்கும்போது பஞ்சு கொஞ்சம் குடிக்கிறது, அதற்கு ஈடாகக் காயிலிலிருந்து ஒரு குமிழி மேலேறுகிறது. அந்தக் குமிழி தெரிந்தால் டேங்க் நலமாக இருக்கிறது.

மேல்மூடியின் ரப்பர் வளையம் மயிரிழை விலகியிருந்தாலும் அதுதான் இரண்டாவது ஓட்டை. ஒழுகுவது கீழே, குற்றவாளி மேலே. ஆனால் எல்லோரும் ஈரத்தைக் கண்ட இடத்தைத்தான் முறுக்குகிறார்கள். முறுக்க முறுக்க வளையம் பிதுங்கித் தன் பள்ளத்தை விட்டு வெளியேறுகிறது, கசிவு கூடுகிறது, இன்னும் முறுக்குகிறார்கள். டேங்கின் இடுப்பில் குறடு கடித்த தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அந்தக் குறடு ஒருகாலத்தில் என் கையில் இருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

தங்கையின் திருமண வரவேற்பு. வாடகைக்கு எடுத்த சாம்பல் நிறக் கோட். காலையில் டேங்கின் அடியில் லேசான ஈரம் தெரிந்தது. குறட்டால் ஒரே முறுக்கு. மாலையில் கோட்டின் உள்பைக்குள் கண்ணாடி விரிசல் விட்டது. பிரிட்டனில் டேங்கின் சட்ட வரம்பே 2 மில்லிலிட்டர்தான். அந்த 2 மில்லி கோட்டின் உள்துணியைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, மிச்சம் கருவியின் இணைப்பு முனை வழியாக உள்ளே இறங்கிச் சர்க்யூட்டையும் முடித்துவிட்டது. கருவி 60 பவுண்ட், கோட்டுக்குக் கடைக்காரர் பிடித்துக்கொண்டது 45. மாற்றியிருக்க வேண்டிய ரப்பர் வளையம் சில பென்ஸ். குடும்பப் படத்தில் நான் மார்பின் குறுக்கே கையைக் கட்டி நிற்பதைப் பார்த்துப் பெரியம்மா பணிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே முறுக்காமல் கழற்றுங்கள். வளையங்களை எண்ணுங்கள். பழைய காயிலை எடுக்கும்போது அதன் வளையம் பல நேரம் அடித்தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். புதிய காயிலோடு வருவதும் சேர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. எங்கோ உருண்டுபோயிருந்தால் ஒன்றும் இராது. வெட்டுப்பட்டதை மாற்றி, ஒரு சொட்டுத் திரவம் தடவி, மரையை நேராகப் பிடித்து இரண்டு விரலால் பூட்டுங்கள். நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள்.

காற்று வழியைத் திறந்துவைத்து ஊற்றுவது

மேல்மூடியைத் திறந்த கணமே டின்னில் இரண்டாவது ஓட்டை விழுந்துவிடுகிறது. அதனால் முதலில் அடியிலுள்ள காற்று வளையத்தை, அதாவது காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் வளையத்தை, மூடுங்கள், பிறகு மூடியைத் திறந்து ஊற்றுங்கள். விளிம்புவரை வேண்டாம். மூடியைப் பூட்டியதும் டேங்கைத் தலைகீழாகப் பிடித்துக் காற்று வளையத்தைத் திறந்து, பின் நிமிர்த்துங்கள். பூட்டும்போது உள்ளே அமுங்கிய காற்று திரவத்தைத் தள்ளாமல் தான் மட்டும் வெளியேறும். நடுக்குழாயில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது புகைபோக்கி.

காயிலுக்குப் பொருந்தாத திரவம்

வேப் திரவத்தின் இரண்டு அடிப்படைப் பொருட்களில் கிளிசரின் கெட்டி, புரோப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது. 0.3 ஓம் போன்ற குறைந்த மின்தடையுள்ள காயிலின் துளைகள் பெரியவை. 70 சதவீதம் கிளிசரின் உள்ள திரவத்துக்காகச் செய்தவை. பாதிக்குப் பாதி கலவை 1 ஓமும் அதற்கு மேலும் உள்ள காயிலுக்கு. பெரிய துளையில் நீர்த்ததை ஊற்றினால் சல்லடையில் ரசம் ஊற்றிய கதைதான். வெயிலில் நிற்கும் காருக்குள் கெட்டித் திரவமும் இளகிவிடும். இலவங்கப்பட்டை, எலுமிச்சை வாசனைகள் சிலவகை பிளாஸ்டிக் டேங்குகளையே விரிசல் விடச் செய்யும், அவற்றுக்குக் கண்ணாடிதான்.

இளநீரை உறிஞ்சுவதுபோல் இழுப்பது

பலமாக இழுத்தால் காயில் ஆவியாக்குவதைவிட அதிகத் திரவம் உள்ளே வந்துவிடும். காயிலுக்குப் போகும் மின்திறனை, அதாவது வாட்டை, மிகக் குறைவாக வைத்தாலும் இதேதான். களகளவென்று சத்தம் கேட்டால் டேங்கைக் கழற்றி, அடியில் டிஷ்யூவைச் சுற்றி, வாய்முனை வழியாக ஊதுங்கள். தேங்கியது வெளியே வரும். கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

எல்லா ஈரமும் கசிவு அல்ல

வாய்முனையில் படிவது பெரும்பாலும் குளிர்ந்த ஆவி. துடைத்தால் போதும்.

ஈரத்தோடு சார்ஜ் போடுவது

கூடாது.

விமானத்தில் நிரப்பிய டேங்க்

உயரே போகப் போகக் கேபினின் காற்றழுத்தம் குறையும். டேங்கில் அடைபட்ட காற்று விரிந்து திரவத்தைக் கீழே தள்ளும். காலி செய்துவிட்டு ஏறுங்கள். பேட்டரி இருப்பதால் கருவி கைப்பையில்தான் போக வேண்டும். சிங்கப்பூரில் 2018 முதல் வேப் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் 2019 முதல் தடை. போன மாதம் ஒருவர் திருச்சிவரை ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் கொண்டுபோக வழி கேட்டார். டேங்கைக் கழுவிக் காயவைத்து, வீட்டு இழுப்பறையில் பூட்டிவிட்டுப் போகச் சொன்னேன்.