காட்டுக்குள் பழைய வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள வைட் மவுண்டன் தேசிய வனத்துக்குப் போகிறவர்கள் சிகரத்தைப் பார்த்து நடப்பார்கள். நான் தரையைப் பார்த்து நடப்பேன். கூட வருகிறவர்களுக்குப் பொறுமை போய்விடும்.

இன்று அடர்ந்து கிடக்கும் மலைச்சரிவுகளில் பல, 19-ஆம் நூற்றாண்டில் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்தவை. குடியானவர்கள் மேற்கே நல்ல மண் தேடிப் போனார்கள்; எஞ்சிய காட்டை மரக் கம்பெனிகள் வெட்டித் தள்ளின. 1911-இல் வந்த வீக்ஸ் சட்டத்தின்படி அமெரிக்க அரசு இப்படிப்பட்ட நிலங்களை விலைக்கு வாங்கியது. 1918-இல் இந்த வனம் உருவானது.

இலை உதிர்ந்த நவம்பரிலோ, பனி கரைந்து தளிர் விடுவதற்கு முன்போ போங்கள். கோடையில் போனால் பச்சையைத் தவிர எதுவும் தெரியாது.

முதலில் செடிகளைப் பாருங்கள். காட்டு நடுவே லைலாக் என்ற பூச்செடிப் புதரோ கிழட்டு ஆப்பிள் மரமோ நின்றால், யாரோ வாசலில் நட்டது. அதைச் சுற்றி முப்பது அடிக்குள் பெரும்பாலும் ஒரு சதுரக் குழி இருக்கும். கல் அடுக்கிய அந்தக் குழிதான் வீட்டின் நிலவறை. உள்ளே கற்குவியல் கிடந்தால் புகைபோக்கி சரிந்த இடம். இங்கே மட்டும் காலைப் பார்த்து வையுங்கள். பக்கத்திலேயே கிணறு இருக்கும், மூடியிருந்த பலகை எப்போதோ மக்கிப்போயிருக்கும். ஒருமுறை என் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது.

அப்புறம் கற்சுவர். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெரிய கற்கள் மட்டும் இருந்தால் அது ஆடுமாடு மேய்ந்த இடம். நடுநடுவே கைப்பிடி அளவுக் கற்கள் கொட்டிக்கிடந்தால் அங்கே ஏர் ஓடியிருக்கிறது: குளிரில் மண் உறைந்து உறைந்து ஒவ்வொரு வசந்தத்திலும் கல்லை மேலே தள்ளும், உழுகிறவர் பொறுக்கி ஓரத்தில் போடுவார். வாசற்படிக் கல்லின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். தட்டையான வெட்டுத்தடம் இருந்தால் ஏறக்குறைய 1830-க்கு முந்தைய வேலை. வரிசையாக அரைவட்டத் துளைகள் இருந்தால் அதற்குப் பிந்தியது.

ஆணி, குப்பி, உடைந்த பீங்கான் எது கிடைத்தாலும் படம் எடுத்துவிட்டு அங்கேயே விடுங்கள். அரசு நிலத்தில் 100 ஆண்டு கடந்த பொருளை அனுமதியின்றி எடுப்பது 1979-இல் வந்த அமெரிக்கத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவிர, எடுத்த இடத்தை விட்டு வந்த ஆணி வெறும் துருதான்.