பழைய சின்ன பைக்: முதலில் ஓடட்டும், அப்புறம் பெயின்ட்

பழைய பைக் வாங்கிய கையோடு பலரும் செய்யும் முதல் வேலை, வண்டியை அக்கக்காகக் கழற்றி ஃபிரேமை பெயின்ட்டுக்கு அனுப்புவதுதான். சில மாதம் கழித்துப் பார்த்தால் பளபளக்கும் ஃபிரேம் ஒரு மூலையில் நிற்கும். எது எங்கே போகும் என்று தெரியாத போல்ட்டுகள் அட்டைப்பெட்டியில் கிடக்கும். பாதியில் நின்ற வண்டிகள் அடிமாட்டு விலைக்கு வருவது இப்படித்தான். முதலில் வண்டி ஓட வேண்டும், பிறகு பிரேக் பிடிக்க வேண்டும். அழகு கடைசியில்.

1. எந்த வண்டி?

50 முதல் 125 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின், ஒரே கார்புரேட்டர். புதிதாகத் தொடங்குபவருக்கு இதற்கு மேல் வேண்டாம். ஓடாத வண்டி பரவாயில்லை, ஆனால் முழு வண்டியாக இருக்கட்டும். உடைந்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுப் பாகம் தேடலாம்; காணாமல் போன பாகம் எப்படி இருந்தது என்பதே தெரியாது. நிறைய விற்ற மாடலாகப் பாருங்கள். 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வரிசையில் 2017-க்குள் 10 கோடி வண்டிகள் தயாராகிவிட்டன; அதற்கு உதிரிபாகப் பஞ்சம் வராது. பணம் கொடுக்கும் முன் இன்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலையும் தேடி எடுத்துவிடுங்கள்.

2. கழற்றும் முன்

ஒவ்வொரு பாகத்தையும் நாலு பக்கமிருந்து போட்டோ எடுங்கள், வயரிங்கை இன்னும் கூடுதலாக. போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள்.

ஜப்பான் வண்டி என்றால் ஒரு எச்சரிக்கை. அதிலுள்ள ஸ்குரூக்கள் பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்குரூ போலத்தான் இருக்கும், ஆனால் பல ஸ்குரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண திருப்புளியை வைத்து அழுத்தினால் தலை வழித்துக்கொண்டு போகும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்றும், சுத்தியால் தட்டித் திருகும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

3. இன்ஜின் சுற்றுகிறதா?

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். அசையவில்லை என்றால் ஏறி மிதிக்காதீர்கள். கிக்கர் பல்சக்கரம் உடைந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இளகும்.

சுற்றினால் பழைய ஆயிலை இறக்குங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்னொரு கவலை உண்டு: வருடக்கணக்கில் நின்றதில் கிராங்க் சீல்கள் (இன்ஜினின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள்) காய்ந்து காற்றை உள்ளே விடும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டர் முறுக்காமலே வேகம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும்.

4. கரன்ட், பெட்ரோல்

பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உடலை இன்ஜின் ஹெட்டில் ஒட்டி வைத்து கிக் அடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. நல்ல நீலப் பொறி வர வேண்டும். வரவில்லையா? பழைய வண்டியில் முதலில் கான்டாக்ட் பாயின்ட்டைப் பாருங்கள்; பொறி வரும் நேரத்தில் திறந்து மூடும் சின்ன சுவிட்ச் அது. அதன் முகங்களைச் சுத்தம் செய்து, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் இடைவெளி வையுங்கள். சின்ன ஜப்பான் வண்டிகள் பலவற்றில் அது 0.3 முதல் 0.4 மி.மீ. அடுத்து எர்த் இணைப்புகள். இக்னிஷன் காயிலை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

டேங்க்கில் துரு இருந்தால், பெட்ரோல் திறந்து மூடும் டேப்பைக் கழற்றித் துளையை அடைத்துவிட்டு, வெந்நீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். கொட்டிக் கழுவி, சமையல் சோடா கரைசலால் அலசி, உடனே உலர்த்தி, கொஞ்சம் ஆயில் விட்டுக் குலுக்குங்கள். ஈரத்தோடு வைத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி செந்துரு படரும்.

கார்புரேட்டரில் அடைபடுவது பெரும்பாலும் ஸ்லோ ஜெட், அதாவது ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள திருகு. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, ஐடிலிங் பிறகு சீராக நிற்கவே நிற்காது. கிளீனர் அடித்து, மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றை விட்டு எடுங்கள். ரப்பர் வாஷர்களைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது.

5. நிற்கவும் வேண்டும்

டிரம் பிரேக்கைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் தயாரிப்பு எண் இருக்கும்: 0919 என்றால் 2019-ஆம் ஆண்டின் 9-வது வாரம். மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் குப்பைக்குத்தான். கேபிள்கள், செயின் ஆகியவற்றுக்கு அதிக யோசனை தேவையில்லை, புதிது போடுங்கள்.

இப்போது பதிவு, காப்பீடு எல்லாம் சரிசெய்து சில வாரம் ஓட்டுங்கள். எங்கே ஆயில் கசிகிறது, எந்த கியர் நழுவுகிறது என்பதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும்.

6. உங்கள் கைவண்ணம்

திரும்பப் பொருத்த முடிகிற மாற்றங்களிலிருந்து தொடங்குங்கள்: ஹேண்டில்பார், சீட், மட்கார்டு, விளக்கு. ஹேண்டில்பார் தாழ்ந்தால் கேபிள் நீளம் மாறும். இரு பக்கமும் முழுவதும் திருப்பி, எங்கும் இழுபடாமலும் டேங்க்கில் இடிக்காமலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு கூம்பு ஃபில்டர் மாட்டுவது இப்போதைய மோகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்று கூடினால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும், இன்ஜின் சூடாகும், ஜெட்டையும் மாற்ற வேண்டும். பிளக் நுனி வெளுத்திருந்தால் கலவை மெலிவு, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், இளம்பழுப்பு நிறம்தான் சரி. சைலன்சரில் துணி சுற்றுவதும் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயை அரிக்கும். ஃபிரேமின் வாலை வெட்டி வெல்டிங் செய்வதென்றால் அனுபவமுள்ள வெல்டரிடம் மட்டும்.

7. பெயின்ட்

ஒருவழியாக இங்கே வந்துவிட்டோம். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) கொடுத்தால், மரை உள்ள துளைகளையும் ஸ்டியரிங் பேரிங் உட்காரும் இடங்களையும் முதலில் மூடச் சொல்லுங்கள். சேஸி எண் மறையக் கூடாது. வண்டி திரும்பி வந்ததும் எர்த் வயர் பொருந்தும் இடத்தில் மட்டும் கோட்டிங்கைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டுங்கள். நேற்றுவரை எரிந்த விளக்குகள் பெயின்ட்டுக்குப் பிறகு எரியாமல் போவதற்கு அநேகமாக எர்த்தைக் கோட்டிங் மறைப்பதே காரணம். பூட்டி முடித்து முதல் சில பயணம் போய் வந்ததும் ஆக்சில் நட்டு, இன்ஜின் மவுன்ட், ஹேண்டில் கிளாம்ப் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது கோட்டிங் அமுங்கும்போது அவை தளரும்.