அம்மா காபித் தோட்டத்தில் இருந்தாலும் முடிகிற வீட்டுப்பாடம்: வாரத்தாள் போடுவது எப்படி?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்தால் எங்கள் ஊர் வரும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர்தான். 1, 2 வகுப்பை ஹெச்.எம். பார்த்துக்கொள்கிறார். 3, 4, 5 மூன்றும் ஒரே அறையில் என் கையில், மொத்தம் பதினேழு பிள்ளைகள்.

புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு தங்கை போன வாரம் போன் செய்தாள். "அக்கா, ஹோம்ஒர்க் குடுத்தா பாதிப் பேர் செய்யறதே இல்ல. திட்டியும் பாத்துட்டேன்." அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். வாரத்தாள் என்றால் ஒரு வாரத்துப் பாடத்தையும் வீட்டுப்பாடத்தையும் நாள்வாரியாக எழுதிய ஒரு தாள். தேவையானவை ஒரு நீள நோட்டு, ஒரு ஸ்கேல், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கணக்கு. 1, 2 வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையும் 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரம்தான் உச்சம் என்கிறது. நாளுக்கு 2 மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் வாரத்துக்கு 80 நிமிடத்தைத் தாண்டுவதில்லை: திங்கள் முதல் வியாழன் வரை தினம் 20 நிமிடம், அவ்வளவுதான்.

படி 1: வெள்ளிக்கிழமையே தப்பைப் பிடியுங்கள்

அடுத்த வாரம் என்ன நடத்துவது என்று புத்தகத்தைப் புரட்டும் முன், இந்த வாரம் எங்கே இடறினார்கள் என்று நோட்டைப் புரட்டுங்கள். ஒரு உதாரணம். 502-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் 476 என்று எழுதியிருந்தான். கவனக்குறைவு என்று சிவப்பில் அடித்துவிட்டுப் போயிருக்கலாம். உற்றுப் பார்த்தால் அவன் மேலே கீழே பார்க்கவே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். ஐந்தில் ஒன்று போக நாலு, ஏழில் பூஜ்யம் போக ஏழு, எட்டில் இரண்டு போக ஆறு. அவனிடம் ஒரு விதி இருக்கிறது, அது தப்பான விதி. இதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு வீட்டுக்குக் கொடுத்தால் அதே விதியைப் பத்து முறை போட்டுப் பழகிக்கொண்டு வருவான்.

அட்டையில் வெட்டிய நூறு ரூபாய், பத்து ரூபாய், ஒரு ரூபாயை வைத்துக் கடை விளையாட்டு நடத்தினேன். ஐந்து நூறும் இரண்டு ஒரு ரூபாயும் அவன் கையில். 178 ரூபாய் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு நூறுக்குப் பத்துப் பத்தாகச் சில்லறை மாற்றினான், அதில் ஒரு பத்துக்கு ஒற்றை ரூபாய் மாற்றினான். இப்போது நாலு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. கொடுத்தது போக 324. "கடன் வாங்குறதுன்னா சில்லறை மாத்துறதா டீச்சர்?" என்றான். அந்த வார வீட்டுப்பாடம் மூன்றே கழித்தல், மூன்றிலும் நடுவில் பூஜ்யம்.

இப்படித் தமிழுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. மூன்று இலக்குக்கு மேல் எழுதாதீர்கள்.

படி 2: ஐந்து கட்டம்

திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டம் போடுங்கள். திங்கட்கிழமை புதுப் பாடம் தொடங்கவே தொடங்காதீர்கள். எங்கள் ஊரில் வரவு குறைகிற நாள் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் அன்றுதான் பஸ் ஏறுவார்கள். திங்கள் பழசு, செவ்வாய் புதுசு, புதன் பயிற்சி, வியாழன் இரண்டையும் கலந்து, வெள்ளி சரிபார்ப்பு. வெள்ளியன்று எழுத்து வீட்டுப்பாடம் கிடையாது.

படி 3: வீட்டுப்பாடத்தை மூன்று கேள்வி கேளுங்கள்

பிள்ளை தனியாகச் செய்ய முடியுமா? வீட்டில் இருக்கிற பொருள் போதுமா? இருட்டும் முன் முடியுமா?

நவம்பரில் காபிப் பழம் பறிக்கத் தொடங்கினால் ஜனவரி, பிப்ரவரி வரை அம்மாக்கள் தோட்டத்தில்தான். பொழுது சாய்ந்து வந்து அடுப்பு மூட்டுகிறவரிடம் போய் "சார்ட் பேப்பர் வேணும், படம் ஒட்டணும்" என்றால் என்ன ஆகும்? வீட்டுப்பாடம் அம்மாவுக்கு இல்லை. இது தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. வேலைக்கு வந்த புதிதில், நோட்டில் தினமும் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு பெண் பிள்ளை கொண்டுவந்த கையெழுத்தில் அம்மா பெயரின் கடைசி 'ள்'-க்குப் புள்ளி இல்லை. அவள் எப்போதும் விடுகிற அதே புள்ளி. எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, கேட்டால் அழுவார் என்று அவளே போட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றோடு கையெழுத்தை விட்டேன்.

நான் கொடுப்பவை இப்படி இருக்கும்:

திங்கள்: வீட்டில் இருக்கும் கவர், காலண்டர், பாக்கெட்டைப் பார்த்து 'ல, ள, ழ' வரும் சொல் ஆறு.
செவ்வாய்: கழித்தல் மூன்று.
புதன்: திங்களன்று எழுதிய சொற்களில் மூன்றை வைத்து மூன்று வாக்கியம்.
வியாழன்: வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை காலடி? வரும்போது எத்தனை, போகும்போது எத்தனை, வித்தியாசம் என்ன?
வெள்ளி: பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ ஒரு விடுகதை கேட்டு வா. எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.

புதன் வேலையில் ஒருத்தி "அம்மா குழம்புக்குப் புலி கரைத்தார்" என்று எழுதி வந்தாள். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். அதன் பிறகு அந்த அறையில் யாரும் புளியைத் தப்பாக எழுதவில்லை. இம்போசிஷன் இருபது முறை கொடுத்திருந்தாலும் இது நடந்திருக்காது.

படி 4: ஒரே வேலை, மூன்று அளவு

வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் எல்லாப் பிள்ளைக்கும் வர வேண்டும் என்று தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை வந்து, அடுத்த வருஷம் 4, 5-க்கும் நீண்டது. அதில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரிப்பார்கள், அரும்பு தொடக்க நிலை, மலர் மேல் நிலை. வீட்டுப்பாடத்திலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். 'மழை' என்று எடுத்தால், அரும்புப் பிள்ளை அந்தச் சொல்லில் 'ழை'-யை வட்டமிடும். மொட்டு அதைப் பார்க்காமல் எழுதும். மலர் மழையைப் பற்றி மூன்று வரி எழுதும். தாளில் 'அரும்பு' என்று தலைப்புப் போடாதீர்கள், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துக் கேலி செய்வார்கள். மூலையில் ஒரு இலை, இரண்டு இலை, மூன்று இலை வரைந்துவிடுகிறேன். (அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் கேலி இல்லை.)

படி 5: தாளைக் கொடுப்பது

ஜெராக்ஸ் வேண்டாம். திங்களன்று பலகையில் எழுதுங்கள், அவர்கள் பார்த்து எழுதட்டும். அதுவே ஒரு பயிற்சி. பென்சிலில்தான். இங்கே மழைக் காலத்தில் பை நனையாமல் வீடு போய்ச் சேராது, பேனா மை ஊறினால் வாரமே போச்சு. பழைய பிளாஸ்டிக் கவரில் நோட்டைப் போட்டு மடித்து வைக்கக் கற்றுக்கொடுங்கள்.

படி 6: திருத்துவது

காலை உணவு முடிந்து பிரேயர் மணி அடிக்கும் முன் பதினேழு நோட்டையும் பார்த்துவிடலாம். ஒரு நோட்டில் ஒரே ஒரு தப்பை மட்டும் வட்டமிடுங்கள், அந்த வார இலக்கைச் சேர்ந்த தப்பை. மற்றதெல்லாம் கண்ணில் படாதது போல இருங்கள், கஷ்டம்தான்.

செய்யாமல் வந்தவர்களை வெளியே நிறுத்தாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்ய வையுங்கள். என் நீள நோட்டின் ஓரத்தில் காரணத்தை ஒற்றை எழுத்தில் குறித்துக்கொள்கிறேன்: 'ம' மறந்தது, 'பு' புரியவில்லை, 'வீ' வீட்டில் வேலை. மூன்று 'பு' சேர்ந்தால் நான் மறுபடி நடத்த வேண்டும். 'வீ' அடிக்கடி வந்தால் அந்தப் பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டு, சாயங்காலம் பஸ் வரும்வரை பள்ளியிலேயே செய்ய வைக்கிறேன். டிசம்பரில் அப்படி நாலு பேர் உட்காருவார்கள். மூன்றரைக்கே மூடுபனி இறங்கி அறை இருட்டிவிடும், ஜன்னல் பக்கம் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொள்வோம்.

வாரத்தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள். போன வருஷ டிசம்பர் தாள் இந்த வருஷமும் ஓடும், கழித்தலில் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.