பழைய காருக்கு மாற்று போல்ட் தேடுவது எப்படி: முதலில் மரையைப் பாருங்கள்

பழைய காரைப் பிரித்துக் கோர்த்தபோது எஞ்சினைவிட என்னை அதிகம் அலையவிட்டவை போல்ட்டுகள்தான். கழற்றுவது, துரு எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சரியான மாற்று போல்ட் தேடும் வழியை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: உடைந்த போல்ட்டையும் எறியாதீர்கள். எந்த இடத்தில் இருந்தது என்று எழுதித் தனிப் பையில் போட்டு வையுங்கள். பாதி உடைந்தாலும் மரை அளவு அதில்தான் இருக்கிறது.

படி 2: கார் எந்த மரைக் குடும்பம் என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கார் என்றால் விட்வொர்த், பி.எஸ்.எஃப். (இன்னும் நெருக்கமானது) மரைகள் இருக்கும், இவற்றின் பற்களின் கோணம் 55 டிகிரி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-இல் ஒப்புக்கொண்ட யூ.என்.சி. (அகல மரை), யூ.என்.எஃப். (நெருக்க மரை) மரைகளுக்கு 60 டிகிரி. ஜெர்மன், ஜப்பானியக் கார்கள் பெரும்பாலும் மெட்ரிக், அதாவது மி.மீ. கணக்கு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். எம்.ஜி. டி.சி. என்ற பழைய பிரிட்டிஷ் காரின் எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினில் மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த் ஸ்பேனருக்கு ஏற்றது!

படி 3: மரையை அளப்பது. நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தெர்மோஸ்டாட் மூடியில் ஒரு போல்ட் காணாமல் போயிருந்தது. பக்கத்து போல்ட்டை வெர்னியரில் அளந்தேன், கிட்டத்தட்ட 8 மி.மீ. 13 ஸ்பேனரும் தலையில் உட்கார்ந்தது. சரி, எம்8 (8 மி.மீ. மெட்ரிக் போல்ட்) என்று முடிவு செய்து புதிதாக ஒன்று வாங்கி முடுக்கினேன். இரண்டு மூன்று சுற்று விரலாலேயே போனது, பிறகு இறுகியது. பழைய அழுக்கு என்று நினைத்து ஸ்பேனர் போட்டேன். அலுமினிய மரை பொடிப்பொடியாக வெளியே வந்தது. அப்புறம் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட வேண்டியதாயிற்று.

அது எம்8 இல்லை, 5/16 யூ.என்.சி.; பட்டறைக் கணக்கில் இரண்டரை நூல். 5/16 அங்குலம் 7.94 மி.மீ., தலை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அளவில் இரண்டும் அப்படியே ஒத்துப்போகும். ஆனால் இதில் அங்குலத்துக்கு 18 மரை, மரைக்கு மரை 1.41 மி.மீ.; எம்8-இல் 1.25 மி.மீ. ஒவ்வொரு சுற்றுக்கும் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போய் மூன்றாவது சுற்றில் கடிக்கும். விரலால் முழுசாகப் போகாத போல்ட்டை ஸ்பேனரால் திருகவே கூடாது.

இதற்கு மரை கேஜ் (பல் வெட்டிய மெல்லிய தகடுகளின் கட்டு) வாங்குங்கள். 55, 60 டிகிரி இரண்டும் உள்ள செட்டாகப் பாருங்கள். வெர்னியரைவிட இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். தகட்டை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரியாவிட்டால் அதுதான் அளவு. 5/16 விட்வொர்த்திலும் 18 மரைதான், ஆனால் கோணம் வேறு என்பதால் 60 டிகிரி தகடு முழுசாகப் படியாது.

படி 4: நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். மரையில்லாத தண்டின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷனில் குறுக்கே வரும் விசையைத் தாங்குவது அந்தத் தண்டுதான். முழு மரை போல்ட்டை அங்கே போடாதீர்கள்.

படி 5: வலு. மெட்ரிக் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். அமெரிக்க போல்ட்டில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு என்றால் கிரேடு 8. பழையதைவிட வலு குறைந்ததை வாங்க வேண்டாம்.

பின்சேர்க்கை: துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மட்கார்டு, உள் அலங்காரத்துக்குத் தாராளமாகப் போடலாம். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷனுக்கு வேண்டாம்: வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 8.8 அளவுக்கு வலு இல்லாதது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை முடுக்கும்போது மரை ஒன்றோடொன்று கவ்விச் சிக்கிக்கொள்ளவும் செய்யும்; ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி மெதுவாக முடுக்குங்கள்.